வாயில்லா ஜீவனுக்காக ஒரு வார்த்தை

வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டியிருந்த நாரைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளியபோது, ஊரார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். நாரை போனால் விளைச்சலும் போகும். 1798-இல் கலெக்டர் அவர்களுக்கு ஒரு கௌல், அதாவது எழுத்தில் உரிமை, கொடுத்தார். ஏரிப் பறவைகளை யாரும் வேட்டையாடக் கூடாது என்ற அந்த உரிமை 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் பாம்புத்தாராவும் இன்றைக்கும் பருவம் தவறாமல் அங்கே வந்து இறங்குகின்றன.

அந்த விவசாயிகள் செய்தவை மூன்று. யாரிடம் சொன்னால் காரியம் நடக்குமோ அவரிடம் போனார்கள். ஏன் என்று காரணம் சொன்னார்கள். கிடைத்ததை எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

விலங்குகளுக்காகக் குரல் கொடுப்பது என்றதும் பலருக்கும் கண்முன் வருவது பதாகை, கோஷம், நீதிமன்றம். அவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் தெருமுனையிலும் மருந்துக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் கையில் இருக்கும் கைபேசியிலும் சாதாரண மனிதர்கள் பேசக்கூடிய பேச்சு நிறைய இருக்கிறது. பெரும்பாலும் அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சட்டம் யார் பக்கம்?

பேசுகிறவருக்குத் தயக்கம் வருவது இயல்பு. 'என் மாடு, நான் அடிக்கிறேன், உனக்கென்ன?' என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது? சொல்வதற்குப் பதில் இருக்கிறது. அதை உருவாக்கித் தந்ததில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு.

கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். அடுத்த ஆண்டே விலங்குவதைத் தடுப்புக்கான தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே இதற்கொரு சட்டம் இயற்றும் என்று உறுதி கிடைத்த பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது.

இந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவைப் படித்துப் பார்த்தால் அன்றாடம் கண்ணில் படுகிற காட்சிகள் வரிசையாக நினைவுக்கு வரும். அடிப்பது, உதைப்பது, தாங்க முடியாத பாரம் ஏற்றுவது, புண்ணோடும் நொண்டியோடும் இருக்கிற விலங்கை வேலை வாங்குவது, உடம்பைத் திருப்பக்கூட முடியாத கூண்டில் அடைப்பது, சோறு தண்ணீர் தராமல் விடுவது, வளர்த்த பிராணியை எங்கோ கொண்டுபோய்க் கைவிடுவது எல்லாம் குற்றம். எப்போதும் சங்கிலியில் கட்டிப்போட்டிருக்கும் நாயை ஓட, நடக்க விடாமல் இருப்பதும் குற்றம் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

தண்டனை மிகச் சிறியது. முதல் தடவை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை இன்னும் அப்படியே நிற்கிறது. அதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டியதில்லை. விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று அரசமைப்பின் 51ஏ பிரிவும் சொல்கிறது.

வண்டிக்காரரிடம் எப்படிப் பேசுவது?

சித்திரை வெயிலில் கம்பி ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று பாலத்தில் ஏற முடியாமல் நிற்கிறது. வண்டியை ஓட்டுகிறவரும் காலையிலிருந்து சாப்பிடாமல் இருக்கலாம். அந்த இடத்தில் சட்டப் பிரிவைச் சொல்லி மிரட்டினால் சவுக்கடி இன்னும் பலமாக விழும். "அண்ணே, வெயில் ரொம்ப ஏறுது. மாட்டை அவிழ்த்துக் கொஞ்ச நேரம் நிழல்ல கட்டுங்களேன், தண்ணி நான் கொண்டு வரேன்" என்றால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. பாரம் ஏற்றிவிட்ட கடைக்காரரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லலாம்; எடையை முடிவு செய்கிறவர் பல நேரங்களில் அவர்தான்.

சொல்வதற்கு ஆதாரமும் உண்டு. 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வண்டி மாடு, குதிரை, கழுதை எதையும் வேலை வாங்கக் கூடாது. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இடைவெளியில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. தமிழகத்தின் பல ஊர்களில் கோடை முழுக்கப் பொருந்துகிற விதி இது.

கறிக்கோழிகளைக் கால்களில் கட்டி, மோட்டார் சைக்கிளின் இருபக்கமும் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோவது இன்னொரு அன்றாடக் காட்சி. வேதனை தரும் விதத்தில் எந்த விலங்கையும் ஏற்றிச்செல்வது அதே 11-ஆவது பிரிவின்படி குற்றம். கோழி சாப்பிடுகிறவரும் இதைப் பேசலாம், பேச வேண்டும். வழக்கமாக வாங்குகிற கடையில், "கூடையில வச்சுக் கொண்டாரச் சொல்லுங்க பாய்" என்று வாடிக்கையாளர்கள் நாலு பேர் சொன்னால் கடைக்காரர் காதில் அது விழாமல் போகாது.

சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை என்றால்?

அப்போது புகார் கொடுக்க வேண்டும். புகாரின் பலம் விவரத்தில் இருக்கிறது. தேதி, நேரம், இடம், வண்டி எண், நடந்ததைக் காட்டும் ஒரு புகைப்படம் அல்லது வீடியோ, கூட இருந்து பார்த்தவர் யார் என்ற குறிப்பு எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் அதற்கான ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்வது முக்கியம். வேடந்தாங்கல்காரர்கள் கௌலை எழுத்தில் வாங்கியதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்: எழுத்தில் இருப்பதை யாரும் 'தெரியாது' என்று சொல்லிவிட முடியாது. கண்முன்னே கொடுமை நடந்துகொண்டிருந்தால் 112-ஐ அழைக்கலாம். 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்டந்தோறும் எஸ்.பி.சி.ஏ. எனப்படும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும். உள்ளூர்ச் சங்கத்தைப் பற்றிக் கலெக்டர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். அடிபட்டுக் கிடக்கும் ஆடு மாடுகளுக்குக் கால்நடை ஆம்புலன்ஸை வரவழைக்க 1962 என்ற எண் இருக்கிறது.

தெருநாய்ச் சண்டை

விலங்குகளைப் பற்றிய பேச்சு எந்தத் தெருவிலும் முதலில் சூடாவது நாய் விஷயத்தில்தான். சோறு வைக்கிறவர் ஒரு பக்கம், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பப் பயப்படுகிற தாய் இன்னொரு பக்கம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும் வழக்கம் சென்னையில் நெடுங்காலம் இருந்தது. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதால் எண்ணிக்கை குறைவதில்லை, கருத்தடையால்தான் குறையும் என்று 1960-களிலிருந்தே சொல்லிவந்தது. ஓரிடத்தில் நாய்களை அப்புறப்படுத்தினால், சாப்பாடு கிடைக்கிறவரை பக்கத்துத் தெரு நாய்கள் அங்கே வந்து சேரும் என்பது அவர்கள் வாதம். அதை மாநகராட்சி ஏற்றுக்கொள்ள 1996 வரை ஆயிற்று. நாடு முழுவதற்குமான கருத்தடை விதிகள் 2001-இல் வந்தன. அவற்றின் இடத்தில் 2023-இல் புதிய விதிகள் வந்தன.

எனவே நாய்க்காகப் பேசுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, 'நம் தெருவில் எத்தனை நாய்க்குக் கருத்தடை ஆயிருக்கிறது?' என்பதுதான். அறுவை முடிந்த நாயின் காது நுனியில் சிறு வெட்டு இருக்கும். அந்த அடையாளம் இல்லாதவற்றை எண்ணி, மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ மனு கொடுத்தால் அது உருப்படியான வேலை. சோறு வைப்பதற்கும் 2023 விதிகள் ஒழுங்கு சொல்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி ஆகியவற்றை விட்டு விலகி, குழந்தைகளும் முதியவர்களும் நடமாடாத நேரத்தில், குடியிருப்போர் கலந்து பேசி ஒதுக்கிய இடத்தில் வைக்க வேண்டும். மிச்சத்தை வாரிச் சுத்தம் செய்ய வேண்டும்.

ரேபிஸ் அச்சத்தை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. நோய்க்குறி தெரிந்த பிறகு அதிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தெரு நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி முகாம் நடத்தும்படி நச்சரிப்பவர்தான் நாய்க்கும் நல்லது செய்கிறார், அந்தத் தாய்க்கும் நல்லது செய்கிறார்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

வாங்குகிறவரின் கேள்விக்குக் கடையில் தனி மதிப்பு உண்டு. நாய்க்குட்டி வாங்கப் போகிறவர் முதலில் அதன் வயதைக் கேட்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தாயை விட்டுச் சீக்கிரம் பிரித்த குட்டி நோஞ்சானாகும். காப்பகத்திலிருந்து ஒரு நாட்டு நாயைத் தத்தெடுத்தால் காசும் மிச்சம், நம் ஊர் வெயிலும் அதற்கு ஒத்துப்போகும்.

கூண்டில் பச்சைக்கிளி இருந்தால் கேள்வி இன்னும் நேரானது. நம் காட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆசையாகக் கிளி வளர்க்கிற பாட்டிக்கும் கிளி ஜோசியருக்கும் இது தெரிந்திருப்பதில்லை. வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லி விற்கப்படும் நட்சத்திர ஆமையின் கதை இதைவிடக் கொடியது. கடத்தல் பெருகியதால் 2019-இல் அதன் பன்னாட்டு வணிகமே தடை செய்யப்பட்டது. ஆமையையோ கிளியையோ விற்பது தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்வதுதான் முறை. காசு கொடுத்து வாங்கி விடுதலை செய்தால், வியாபாரி அடுத்த நடைக்கு இன்னும் பத்து பிடித்து வருவார்.

மருந்துக்கடையிலும் ஒரு கேள்வி இருக்கிறது, அது மாடு வைத்திருப்பவர்களுக்கு. வலிக்காக மாட்டுக்கு டைக்ளோஃபினாக் ஊசி போட்டிருந்து, அந்த மாடு செத்து, அதன் இறைச்சியைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. இந்தியாவின் பாறு கழுகுகள் ஏறக்குறைய அழிந்தேபோனதற்கு இதுதான் முதன்மைக் காரணம். 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் மருந்துகளும் தடையாயின. நீலகிரி, சத்தியமங்கலம் பகுதியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளின் உயிர், "டாக்டர், மெலாக்சிகம் எழுதுங்க" என்று மாட்டுக்காரர் சொல்வதில் இருக்கிறது. அது கழுகுக்குக் கேடில்லாதது என்று சோதித்துப் பார்த்த மருந்து.

கைபேசியில் பரவும் கொடுமை

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வருகிறது. பெரிய கண்களோடு ஒரு குட்டி விலங்கு, கிச்சுகிச்சு மூட்டினால் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு சுகமாகக் கிடக்கிறது. ஆசியக் காடுகளில் வாழும் தேவாங்கு இனம் ஒன்றின் இத்தகைய காட்சிகள் உலகமெங்கும் கோடிக்கணக்கானோரால் ரசிக்கப்பட்டவை. உண்மையில் அது கைகளைத் தூக்குவது பயத்தில்; முழங்கையின் உட்புறத்தில் இருக்கும் நச்சுச் சுரப்பியைத் தற்காப்புக்குத் தயார் செய்கிறது. 'அய்யோ, எவ்வளவு அழகு, எனக்கும் ஒன்று வேண்டும்' என்ற ஆசையைக் கள்ளச்சந்தை பயன்படுத்திக்கொள்கிறது. இப்படி ஒன்று குடும்பக் குழுவில் வந்தால், அனுப்பிய சித்தப்பா முகம் சுருங்காதபடி இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்வதே பெரிய உதவி.

நம் ஊர்த் தேவாங்குக்கும் இப்படிப்பட்ட பேச்சு கைகொடுத்திருக்கிறது. மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் என்று பிடிக்கப்பட்டுவந்த விலங்கு அது. பயிர்ப் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது என்பதைத் தன்னார்வலர்கள் கிராமம் கிராமமாகச் சொல்லிவந்தார்கள். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது.

ஊர் கூடிச் சொன்னால்

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்காது. கண்மாயில் குஞ்சு பொரித்திருக்கும் பறவைகள் மிரண்டுவிடும் என்று ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் பட்டாசைத் தவிர்த்துவருகிறார்கள். கம்பி மத்தாப்புக்கு ஏங்கும் வயதுப் பிள்ளைகள் அதற்குச் சம்மதிக்கிறார்கள் என்றால், வீட்டில் பெரியவர்கள் காரணத்தைச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வெடிக்கான நேரத்தையும் இடத்தையும் பேசி முடிவு செய்வதற்கு இந்த ஊரைக் காட்டலாம். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூலைப் பற்றியும் பிள்ளைகளிடம் அப்படியே பேசலாம். அது பறவையின் இறக்கையையும் அறுக்கும், மோட்டார் சைக்கிளில் போகிறவரின் கழுத்தையும் அறுக்கும். நைலான் மாஞ்சாவுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடை விதித்தது.

பள்ளி, கல்லூரிகளிலும் பேச்சு பலித்திருக்கிறது. விலங்கியல் மாணவர்கள் தவளையை அறுத்துத்தான் படிக்க வேண்டும் என்ற நிலைக்கு மாற்றாகப் புளூ கிராஸ் அமைப்பு 1990-களில் 'காம்புஃபிராக்' என்ற கணினி மென்பொருளை உருவாக்கியது. 'அறுக்காதே' என்று சொல்வதோடு நிற்காமல், 'இதை வைத்துப் படி' என்று வேறு வழியையும் கையில் கொடுத்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் விலங்கியல் பாடத்தில் விலங்குகளை அறுக்கும் பயிற்சியைக் கைவிடச் சொன்னது. அதே ஆண்டில்தான் அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மேல் சோதிப்பதற்கும் இந்தியாவில் தடை வந்தது.

பார்த்ததைக் குறித்துவைப்பதும் ஒரு வகைப் பேச்சுதான். சென்னைக் கடற்கரையில் 1988-இலிருந்து மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் பருவகாலத்தில் இரவு முழுக்க மணலில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளைப் பத்திரப்படுத்தி, செத்து ஒதுங்கும் ஆமைகளையும் எண்ணிவருகிறார்கள். 2025-இன் தொடக்கத்தில் அந்தக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, அது வழக்கத்துக்கு மாறானது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது முந்தைய ஆண்டுகளின் கணக்கு இருந்ததால்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலைப் படகுகள் மீன்பிடிப்பது பற்றிய கேள்வி பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. கடற்கரையோரம் வீடு உள்ளவர்கள் செய்ய எளிய காரியமும் உண்டு. ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகர்பவை. கடலைப் பார்த்த விளக்குகளைப் பொரிக்கும் பருவத்தில் இரவில் அணைத்துவைத்தால் அவை வழிதவறிச் சாலைக்கு வராது.

குப்பைத் தொட்டியும் கிராம சபையும்

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். மீந்த சோற்றைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து தூக்கி எறிகிற ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு. முடிச்சை அவிழ்க்க மாட்டுக்குக் கை இல்லை, பையோடு விழுங்கும். வாழைப்பழத் தோலையும் காய்கறிக் கழிவையும் தனியாக வைக்கும்படி வீட்டில் சொல்வது, பக்கத்து வீட்டாரிடம் பேசுவது, தொட்டிக்கு மூடி கேட்டு வார்டு உறுப்பினரிடம் மனு கொடுப்பது எல்லாம் அந்தப் பசுவுக்காகப் பேசுவதுதான்.

கிராமங்களில் இதற்கு இன்னும் நல்ல மேடை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஆடு மாடு தண்ணீர் குடிக்கத் தொட்டி கட்டுவதும், அவை உடம்பைத் தேய்த்துக்கொள்ளக் குளக்கரையில் ஆவுரிஞ்சுகல் நடுவதும் ஒரு காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் அறமாகச் செய்த வேலை. இன்றைக்கு உடைந்து கிடக்கும் தொட்டியைச் சரிசெய்ய, கோடைக்கு முன் நாய்களுக்குத் தடுப்பூசி முகாம் நடத்த, கால்நடை மருத்துவர் வாரத்தில் எந்த நாள் ஊருக்கு வருவார் என்பதைப் பலகையில் எழுதிவைக்க, ஊரில் யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று கேட்கலாம். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று கூட்டம் முடிவதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறியிருந்தால், அது என்ன ஆயிற்று என்று அடுத்த கூட்டத்தில் பஞ்சாயத்துத் தலைவரிடம் கேட்கலாம்.